மெக்டவல் கவுண்டியில் ஆண்களின் சராசரி ஆயுள் 64: அந்தக் கணக்கில் இருப்பவர் யார், இல்லாதவர் யார்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்ற கிராமப்புறக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆண்களின் சராசரி ஆயுள் 64 என்று படித்தேன். அங்கிருந்து 350 மைல் தள்ளி, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 82. இவ்வளவு பணக்கார நாட்டில் இது எப்படி? போதைதான் காரணம் என்கிறார்கள், அது மட்டும்தானா? இவ்வளவு மோசம் என்றால் மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதிலிருந்துதான் அவிழும். மக்கள் போகவில்லை என்று யார் சொன்னது? 1950 கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020ல் 19,111 பேர். போனவர்கள் போக, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம். நீங்கள் படித்த அந்த 64, ஊரில் தங்கியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அந்த எண்ணைப் பார்த்தால் எதுவும் சரியாகப் பிடிபடாது.

எண்கள் உண்மைதானா என்றால், உண்மைதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் கவுண்டி வாரியாக மதிப்பிட்டதை வைத்து 2014 வாக்கில் பத்திரிகைகளில் பரவலாக வந்தவை அவை. மெக்டவலில் ஆண்கள் 64, பெண்கள் 73. ஃபேர்ஃபாக்ஸில் ஆண்கள் 82, பெண்கள் 85. பெண்களிடையே வித்தியாசம் 12 ஆண்டு, ஆண்களிடையே 18. இந்த ஆண்–பெண் வேறுபாடே ஒரு துப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மெக்டவல், மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடி. அப்பலாச்சியன் மலைத்தொடரின் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். ஒரு ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி ஒரு வரிசை வீடு, வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மலை. சமதளம் என்பதே அரிது. 1880களின் கடைசியில் ரயில்பாதை வந்த பிறகுதான் இங்கே ஊர்கள் பெருகின. 1890ல் 7,300 பேர்; 1910ல் 47,856. இங்குள்ள போகஹோன்டாஸ் படுகை நிலக்கரியில் கந்தகமும் புகையும் குறைவு என்பதால் எஃகு ஆலைகளும் கடற்படையும் தேடி வாங்கின. அதைத் தோண்ட இத்தாலி, ஹங்கேரி, போலந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வந்தார்கள். 1950ல் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். கவுண்டியின் தலைமையிடமான வெல்ச்சில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போய், 1941ல் நகராட்சியே பல மாடி வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றைக் கட்டியது. நகராட்சி கட்டியதில் நாட்டிலேயே அதுதான் முதல் என்று ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நிலக்கரி தீர்ந்துபோனதால் ஊர் காலியானது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் அடி அப்படி விழவில்லை. கரி இருந்தது, தோண்டியும் கொண்டிருந்தார்கள். ஆள்தான் வேண்டாமல் போனது. 1950ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸும் முதலாளிகளும் செய்த ஒப்பந்தத்தின் சாரம் இது: இயந்திரங்கள் வரட்டும், சங்கம் தடுக்காது, அதற்கு ஈடாக ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை தொழிலாளர் நல நிதிக்குப் போகும், ஓய்வூதியமும் மருத்துவமும் கிடைக்கும். வேலையில் மிஞ்சியவர்களுக்கு நல்ல ஒப்பந்தம். ஆனால் 1940களின் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவில் 1 லட்சத்து 25 ஆயிரம் அளவில் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள், 1960களின் தொடக்கத்தில் 50 ஆயிரத்துக்கும் கீழே போனார்கள். மெக்டவலின் மக்கள்தொகை 1960ல் 71,359, 1970ல் 50,666. எண்ணெய் விலை ஏறிய 1970களில் கரிக்கு மறுபடி மவுசு வந்ததால் சரிவு நின்றது. 1980ல் 49,899. அப்புறம் எஃகுத் தொழில் சரிந்தது, 1986ல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் கவுண்டியின் கேரி பகுதிச் சுரங்கங்களை மூடியது, 1990ல் 35,233. அந்த ஒரு பத்தாண்டில் மட்டும் 29 சதவீதம் காலி. 2000ல் 27,329. 2010ல் 22,113.

இங்கே ஒரு இடைச்செருகல். இயந்திரம் வந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். இயந்திரத்தை ஓட்டும் வேலை வெள்ளையர்களுக்குப் போனது, கையால் அள்ளிப்போடும் வேலை ஒழிந்தது. அதனால் அவர்கள் முதல் ஆளாகக் கிளம்பினார்கள். இன்று கவுண்டியில் அவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்பலாச்சியா என்றாலே 'ஏழை வெள்ளையர் பூமி' என்று எழுதுகிறார்களே, அந்தச் சித்திரமே இடப்பெயர்வு வரைந்ததுதான்.

சரி, யார் போனார்கள்? எந்த ஊரிலும் போகிறவர்கள் யாரோ அவர்கள்தான். இருபது முதல் முப்பத்தைந்து வயதுக்காரர்கள், பள்ளிப்படிப்பை முடித்தவர்கள், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய உடம்பில் தெம்பு உள்ளவர்கள். அவர்கள் வடக்கே தொழிற்சாலை நகரங்களான ஆக்ரனுக்கும் கிளீவ்லாந்துக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். பின்னாளில் வட கரோலினாவுக்கு. முதுகு உடைந்தவர், மூச்சு வாங்குகிறவர், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் தங்கினார்கள். இது எழுபது வருடம் தொடர்ந்து நடந்தால் என்ன ஆகும்? ஆரோக்கியமானவர்கள் வேறு ஊரின் சராசரியை உயர்த்துவார்கள். நோயாளிகள் இந்த ஊரின் சராசரியைத் தாழ்த்துவார்கள். யாருடைய உடல்நிலையும் மாறாமலேயே இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் கூடும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கொலராடோ மாநிலத்தின் சம்மிட் கவுண்டி. 2014க்கான மதிப்பீட்டில் அமெரிக்காவிலேயே அதிக ஆயுள் அங்கேதான், சுமார் 87 ஆண்டு. அதுவும் மலைதான், மக்கள்தொகையும் முப்பதாயிரம் அளவில்தான். ஆனால் அது பனிச்சறுக்கு ஊர். பணமும் உடற்பயிற்சிப் பழக்கமும் உள்ளவர்கள் தேடிப்போய்க் குடியேறும் இடம். 'மலைக்காற்றுதான் காரணம்' என்று அதைப் பற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதே காற்றுதான் மெக்டவலிலும் அடிக்கிறது. அதே மதிப்பீட்டில் கடைசி வரிசையில் இருந்தது தெற்கு டகோட்டாவின் ஓக்லாலா லகோடா கவுண்டி, சுமார் 67 ஆண்டு. அது பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டு நிலம். அதன் கதை வேறு, அதை இதோடு குழப்பக்கூடாது.

ஆனால் 'எல்லாம் இடப்பெயர்வின் மாயை' என்றும் சொல்லிவிட முடியாது. தங்கியவர்களும் உண்மையிலேயே முன்கூட்டி இறக்கிறார்கள். 1983 முதல் 1999 வரை அமெரிக்கக் கவுண்டிகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2008ல் வந்தது. நாடு முழுக்க ஆயுள் ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே 180 கவுண்டிகளில் பெண்களின் ஆயுள் குறைந்திருந்தது. அவற்றில் பல அப்பலாச்சியாவிலும் தென் மாநிலங்களிலும் இருந்தன. புகைப்பழக்கம், சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு ஆகியவை முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. பிறர் கிளம்பிப் போனதால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்துவிடாது.

இந்த இடத்தில் அந்த '64' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்லிவிடுவது நல்லது. இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, அந்த ஊரில் ஆண்கள் 64 வயதில் இறக்கிறார்கள் என்பது. இன்னொன்று, ஊரில் கிழவர்கள் அதிகம் இருப்பதால் எண் குறைகிறது என்பது. இரண்டும் தப்பு. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எடுத்து, இன்று பிறக்கும் ஒரு குழந்தை ஆயுள் முழுக்க அதே விகிதங்களைச் சந்தித்தால் எவ்வளவு காலம் வாழும் என்று போடும் கணக்குதான் சராசரி ஆயுள். ஊரில் முதியவர்கள் எத்தனை பேர் என்பது அதில் நுழையவே நுழையாது. ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்ற பச்சை இறப்பு விகிதத்தில்தான் அது குழப்பும். மெக்டவலின் பச்சை விகிதம் பயங்கரமாகத் தெரிவதற்கு முதியவர் அதிகம் என்பதும் ஒரு காரணம். 64க்கு அது காரணமில்லை. 64 வயதைத் தாண்டிய ஒரு மெக்டவல்காரருக்கு இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

அப்படியானால் சராசரியை இவ்வளவு கீழே இழுப்பது எது? இளம் வயது இறப்புகள். நூறு பேரில் ஒருவர் 80க்குப் பதில் 30ல் இறந்தால் இழப்பு 50 ஆண்டு. அந்த நூறு பேரின் சராசரி அரை ஆண்டு குறையும். அதே அரை ஆண்டு குறைய, ஐந்து பேர் 80க்குப் பதில் 70ல் மாரடைப்பில் போக வேண்டும். ஒரு இளைஞனின் சாவு ஐந்து தாத்தாக்களின் சாவுக்குச் சமமாக எண்ணை அசைக்கிறது. போதை மருந்து எண்ணிக்கையில் இதய நோயைவிடக் குறைவான ஆட்களைக் கொன்றாலும் ஆயுள் கணக்கில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஆண்–பெண் இடைவெளி பெரிதாக இருப்பதும் பாதி இதனால்தான். ஓவர்டோஸ் (போதை மருந்து அளவுமீறி இறப்பது), சாலை விபத்து, தற்கொலை, சுரங்க விபத்து எல்லாவற்றிலும் ஆண்கள்தான் அதிகம்.

போதைக்கு வருவோம். இதை 'கெட்ட பழக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. அந்தப் பகுதியின் பல கரிப் படுகைகள் மூன்று, நான்கு அடி உயரம்தான். அதற்குள் நிமிர முடியாது. முழங்காலுக்கு உறை கட்டிக்கொண்டு, குனிந்தும் தவழ்ந்தும் ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை. இருபது வருடத்தில் முதுகும் முட்டியும் போய்விடும். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை, எனவே வலி மாத்திரை. இது அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். 1996ல் ஆக்ஸிகான்டின் என்ற வீரியமான ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சந்தைக்கு வந்தபோது, ஏற்கனவே வலி மருந்து அதிகம் எழுதப்படும் ஊர்கள் எவை என்று தரவு பார்த்து, அங்குள்ள மருத்துவர்களைக் குறிவைத்தது அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம். அடிமையாகும் அபாயம் குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007ல் வர்ஜீனியாவின் அபிங்டன் நகரில், மெக்டவலிலிருந்து அதிக தூரமில்லாத நீதிமன்றத்தில், மருந்தைத் தவறாகச் சித்திரித்ததாக அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது.

அதற்குப் பின்னும் மாத்திரை நிற்கவில்லை. 2007 முதல் 2012 வரை ஆறு ஆண்டுகளில் மொத்த விற்பனையாளர்கள் மேற்கு வர்ஜீனியாவுக்கு அனுப்பிய ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரைகள் 78 கோடி. மாநில மக்கள்தொகையோ 18 லட்சம் சொச்சம். அதே காலத்தில் அந்த இரண்டு மருந்துகளின் ஓவர்டோஸில் 1,728 பேர் இறந்தார்கள். மெக்டவலுக்கு அடுத்த மிங்கோ கவுண்டியில் கெர்மிட் என்ற ஊர். ஜனத்தொகை 400 தேறாது. அங்கே ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டில் போனது 90 லட்சம் மாத்திரைகள். இதையெல்லாம் 2016ல் வெளிக்கொண்டுவந்தது சார்ல்ஸ்டன் கெசட்-மெயில் என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் எரிக் ஐர். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மெக்டவல் கவுண்டி நிர்வாகமும் அந்த 2016 கடைசியில் மொத்த விற்பனையாளர்கள் மீது வழக்குப் போட்டது. மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் ஹெராயின் வந்தது, அதன் பின் அதைவிட வீரியமான ஃபென்டனில். கொல்வது மாறிக்கொண்டே வந்தது, சாகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லவேண்டும். 2024ல் நாடு முழுக்க ஓவர்டோஸ் இறப்புகள் கால்பங்குக்கு மேல் குறைந்தன. மேற்கு வர்ஜீனியாவில் 35 சதவீதத்துக்கும் அதிகமான சரிவு. ஓவர்டோஸ் ஆனவரை மீட்கும் நலாக்ஸோன் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, போதை அடிமைத்தனத்துக்கான ப்யூப்ரெனார்ஃபின் சிகிச்சை பரவியது என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒரு பங்கு, ஆபத்தில் இருந்தவர்களில் பலர் ஏற்கனவே இறந்துவிட்டதும் காரணமாக இருக்கலாம். கசப்பான கணக்கு, ஆனால் இந்தத் துறையில் அதையும் கேட்டாக வேண்டும்.

இந்தச் சாவுகள் விட்டுச்செல்வது இன்னொரு மக்கள்தொகைச் சிக்கல். மெக்டவல் பள்ளிகளோடு வேலை செய்யும் 'ரீகனெக்டிங் மெக்டவல்' திட்டத்தினர், அங்குள்ள குழந்தைகளில் பாதிக்கு நெருக்கமானோர் பெற்ற தாய் தந்தையுடன் வாழவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். பாட்டி தாத்தாவிடம், அத்தை மாமாவிடம் வளர்கிறார்கள். சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள அறுபத்தைந்து வயதுப் பாட்டி, இரண்டு வயதுப் பேரனுக்கு அம்மா. அவருடைய மருந்துக்கான பணமும் நேரமும் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இப்போது நுரையீரல். கரித்தூசியைச் சுவாசிப்பதால் சுரங்கக்காரர்களுக்கு வரும் கருநுரையீரல் நோய் பழைய காலத்துச் சங்கதி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1968 நவம்பரில் அதே மாநிலத்தின் வடக்கே ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் 40 ஆயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த மத்தியச் சட்டம் முதன்முறையாகக் கரித்தூசிக்கு வரம்பு வைத்தது. இலவச எக்ஸ்ரே பரிசோதனையும் வந்தது. 1990களின் கடைசிவரை நோய் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் திரும்பிவிட்டது. 2018ல் வெளியான ஆய்வின்படி, மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய். அதே ஆண்டு, பக்கத்து வர்ஜீனியாவின் மூன்று சிறு மருத்துவமனைகளில் மட்டும் நோயின் முற்றிய வடிவம் 416 பேருக்கு இருந்ததாக அறிக்கை வந்தது. நாற்பதுகளில் உள்ளவர்களுக்கும் வந்திருந்தது.

காரணம் எளிது. தடித்த படுகைகள் தோண்டப்பட்டுவிட்டன. மிச்சமிருக்கும் மெல்லிய படுகையை எடுக்க, இயந்திரம் மேலும் கீழும் உள்ள பாறையையும் சேர்த்து அறுக்கவேண்டும். பாறையில் இருப்பது சிலிக்கா. கரித்தூசியைவிட அது பல மடங்கு விஷம். சிலிக்கா வரம்பைக் கனமீட்டருக்கு 100லிருந்து 50 மைக்ரோகிராமாகக் குறைக்கும் விதி 2024ல்தான் வந்தது. அதன் அமலாக்கமும் 2025ல் தள்ளிப்போடப்பட்டது. எனக்கு இதில் வரும் கோபத்துக்கு அளவில்லை. சிலிக்கா என்ன செய்யும் என்பது 1930களிலேயே அந்த மாநிலத்தில் தெரியும். ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் சுரங்கவழி குடைந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், சிலிக்கா தூசியால் செத்தார்கள்.

இன்னொன்று: டெட்ராய்ட்டுக்குப் போய்விட்ட பழைய சுரங்கத் தொழிலாளி அங்கே மூச்சுத்திணறி இறந்தால், அந்தச் சாவு டெட்ராய்ட் கணக்கில் சேரும். இறப்பு, இறக்கும்போது எங்கே குடியிருந்தாரோ அந்தக் கவுண்டியில்தான் பதிவாகும். ஆக, 64 ஒரு பக்கம் மிகைப்படுத்துகிறது, இன்னொரு பக்கம் மறைக்கவும் செய்கிறது.

சாப்பாடும் தண்ணீரும். நாட்டின் நவீன உணவுக் கூப்பன் திட்டம் தொடங்கியதே இந்தக் கவுண்டியில். 1960 தேர்தல் பிரச்சாரத்தில் மேற்கு வர்ஜீனியாவின் பட்டினியைப் பார்த்த கென்னடி, பதவியேற்றதும் சோதனைத் திட்டம் அறிவித்தார். 1961 மே 29 அன்று வெல்ச்சில், பெரிய குடும்பம் ஒன்றின் தலைவரான வேலையிழந்த சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவியும் 95 டாலர் கூப்பன் பெற்றார்கள். அந்தத் திட்டத்தில் அவர்கள் முதலில் வாங்கிய பொருள் ஒரு டப்பா பன்றி இறைச்சி-பீன்ஸ். அறுபது வருடம் கழித்தும் கவுண்டியில் கூப்பன் வாங்குவோர் விகிதம் நாட்டின் உச்சத்துக்கு அருகில்தான். கூப்பன் இருந்தால் போதுமா, கடை வேண்டாமா? கிம்பல் ஊரில் 2005ல் வால்மார்ட் பேரங்காடி வந்தது. காய்கறி, மருந்து, வேலை எல்லாம் அங்கேதான். 2016 ஜனவரியில் உலகம் முழுக்க 269 கடைகளை மூடியபோது அதையும் மூடினார்கள். நல்ல காய்கறிக்கு வளைந்த மலைச்சாலையில் ஒரு மணி நேரம் போய்வர வேண்டும் என்றால், பக்கத்துப் பெட்ரோல் பங்க் கடையில் சோடாவும் சிப்ஸும்தான் சாப்பாடு ஆகும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பல்லும் இல்லாதவர்களின் விகிதத்தில் இந்த மாநிலம் நாட்டின் முதல் வரிசையில் இருக்கிறது என்பதைக் கேட்டால் ஆச்சரியம் வராது.

தண்ணீர் கதை இன்னும் மோசம். கரி நிறுவனங்கள் தங்கள் குடியிருப்புகளுக்குக் குழாய் போட்டன. போகும்போது குழாயை விட்டுவிட்டுப் போயின. நூறு வருடப் பழங்குழாய். பராமரிக்க வரி கட்ட ஆளில்லை. கீஸ்டோன் ஊரில் வருடக்கணக்கில் 'கொதிக்கவைத்துக் குடிக்கவும்' அறிவிப்பு அமலில் இருந்தது. சில ஊர்களில் குழாயில் பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ வரும். வெள்ளைத் துணி துவைக்க முடியாது. சாலையோரம் மலையிலிருந்து வரும் ஊற்றில் யாரோ சொருகிய ஒரு குழாய்; அதன் கீழே பிளாஸ்டிக் கேன்களோடு பிக்கப் வண்டிகள் நிற்கும். அதையும் யாரும் பரிசோதித்து உத்தரவாதம் தருவதில்லை. பல வீடுகளில் கழிவுநீர் நேரே ஓடைக்குப் போகிறது. 2001, 2002, அப்புறம் 2025 பிப்ரவரி என்று வெள்ளம் வந்தபோதெல்லாம் மிச்சமிருந்த குழாய்களும் போயின. உயிர்களும் போயின.

மருத்துவம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறவர்களுக்கு: அது ஒரு காரணம், ஆனால் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. கவுண்டிகளுக்கு இடையேயான ஆயுள் வேறுபாட்டை ஆராய்ந்த 2017 ஆய்வில், மருத்துவ வசதியை மட்டும் வைத்து வேறுபாட்டில் 27 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. வருமானம், கல்வி, இனம் போன்றவற்றை வைத்து 60 சதவீதம். புகை, உடல் பருமன், ரத்தக்கொதிப்பு போன்றவற்றை வைத்து 74 சதவீதம். இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை, கூட்டக் கூடாது. வறுமை நேராகக் கொல்வதில்லை, சிகரெட் வழியாகவும் சர்க்கரை வழியாகவும் கொல்கிறது என்று அதைப் படிக்கலாம். ஆனாலும் பிரசவத்துக்கு மருத்துவமனை முக்கியம். அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் பாதிக்கும் மேல், 2014லேயே பிரசவம் பார்க்கும் மருத்துவமனை இல்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை 2014ல் மாநிலம் விரிவாக்கியது மெக்டவலுக்கு உண்மையான உதவி. 2025ல் நிறைவேறிய மத்தியச் சட்டம் அதில் வேலை நிபந்தனை புகுத்துகிறது. வேலையே இல்லாத ஊரில் அதை எப்படி நிரூபிப்பார்கள் என்பதை நீங்களே யோசியுங்கள்.

தரவு பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, 20 ஆயிரம் பேர் உள்ள இடத்தில் ஐந்து சாவு கூடினால் லட்சத்துக்கான விகிதம் 25 ஏறிவிடும். ஒரு வருட எண்ணை வைத்து 'நாட்டிலேயே முதலிடம்' என்று தலைப்புப் போடுவது பத்திரிகைக்காரர்கள் விளையாட்டு. ஐந்து வருடச் சராசரியாவது எடுங்கள். மத்திய அரசின் இணையத் தரவில் பத்துக்குக் குறைவான இறப்புகள் காட்டப்படுவதே இல்லை. கவுண்டி வாரியான ஆயுள் மதிப்பீடுகளும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளின் தகவலைக் கடன் வாங்கி, புள்ளியியல் மாதிரியில் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்து பெறப்பட்டவைதான்.

இரண்டாவது, சிறைச்சாலை. வெல்ச்சுக்கு அருகே 2010ல் ஒரு மத்தியச் சிறை திறந்தார்கள், ஆயிரம் ஆண்களுக்கு மேல் அடைக்கக்கூடியது. வெல்ச்சில் மாநிலச் சிறை ஒன்றும் இருக்கிறது. கணக்கெடுப்பில் கைதிகள் சிறை இருக்கும் இடத்தின் குடிமக்கள். 19,111ல் ஒரு பகுதி அவர்கள். கவுண்டியின் ஆண்–பெண் விகிதம், இன விகிதம், இருபது முதல் ஐம்பது வயது ஆண்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அது கோணலாக்குகிறது. 'இளம் ஆண்கள் திரும்பி வருகிறார்கள் போலிருக்கிறதே' என்று வரைபடத்தைப் பார்த்து யாராவது மகிழ்ந்தால், அது கம்பிக்குப் பின்னால் இருப்பவர்களாக இருக்கலாம்.

சரி, தங்கியவர்கள் ஏன் தங்குகிறார்கள்? வீடு சொந்தம், ஆனால் வாங்க ஆளில்லை. விற்றால் வரும் பணத்தில் வட கரோலினாவின் சார்லட் நகரில் சில மாத வாடகைகூடத் தேறாது. சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி வெளியூர் நிறுவனங்களின் கையில் இருப்பதால் உள்ளூரில் வேறு தொழில் தொடங்க இடமும் இல்லை. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கு, அவசரத்துக்கு ஓடிவரத் தங்கையும் தேவாலயத்து ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள். மெடிக்கெய்ட் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், ஊர் பிடித்திருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான், அதை ஏன் நாம் சந்தேகப்பட வேண்டும்? வரவேண்டியவர்களுக்கும் இதே இடச் சிக்கல் உண்டு. ஆசிரியர்கள் வேலைக்கு வந்தாலும் குடியிருக்க நல்ல வீடு கிடைக்காமல் திரும்பிப்போனார்கள் என்பதால்தான், பல வருடம் இழுத்து வெல்ச் நகர மையத்தில் அவர்களுக்கென்று ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பினார்கள்.

இனி இந்தக் கவுண்டியைப் பின்தொடர விரும்பினால், சராசரி ஆயுளை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள் என்பேன்: 25 முதல் 54 வயதுக்காரர்களின் இறப்பு விகிதம், ஐந்து வருடச் சராசரியாக, பிறகு பள்ளியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை. முதலாவது இறங்கி, இரண்டாவதும் இறங்கினால், ஊர் குணமாகவில்லை, காலியாகிறது என்று பொருள்.